தறியும் வீடும்: சென்னையில் வேலையிடம் நகர்ந்த வரலாறு

ஒரு நகரத்தின் வரலாற்றைக் கோட்டைகளைக் கொண்டும் கோயில்களைக் கொண்டும் எழுதுவது நம் வழக்கம். சென்னையைப் பற்றி அவ்வாறு எழுதப்பட்ட நூல்களுக்குக் குறைவில்லை. ஆனால், அந்நகரில் வாழ்ந்த பெரும்பான்மையோரின் அன்றாடத்தை வடிவமைத்தது வீட்டிலிருந்து வேலைக்குச் செல்லும் வழியும், வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியும்தான். அந்த வழி எவ்வளவு நீளமானது, அதைக் கடக்க எது எரிந்தது என்ற இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு சென்னையின் முந்நூறு ஆண்டுகளைப் புரட்டினால், நமக்குப் பழக்கமான நகரம் வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

இரண்டாவது கேள்வி நம் காலத்தின் கேள்வி. வளிமண்டலத்தில் சேரும் கரியமில வாயுவைப் பற்றிப் பேசும்போதெல்லாம், காரை விட்டிறங்கிப் பேருந்தில் ஏறும்படி தனிமனிதனிடம் அறிவுரை கூறப்படுகிறது. அறிவுரையில் பிழையில்லை. ஆயினும், காலையில் வாகனச் சாவியைக் கையில் எடுக்கும் மனிதன் தேர்ந்தெடுப்பதற்கு உண்மையில் எத்தனை வழிகள் இருந்தன? அவனது வேலையிடம் எங்கே அமைய வேண்டும் என்பது அவன் அங்கே சேர்வதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, அவனைக் கேளாமல், வேறு யாராலோ முடிவு செய்யப்பட்டுவிட்டது. அவன் எரிக்கப் போகும் எரிபொருளின் பெரும்பகுதி அந்த முடிவிலேயே எழுதப்பட்டிருந்தது. இக்கட்டுரை அத்தகைய முடிவுகளின் வரலாறு.

தறி இருந்த வீடு

1734ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ஆளுநராக இருந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட், கூவம் ஆறு வளைந்தோடும் இடத்தில் ஒரு புதுக் குடியிருப்பை உருவாக்கினார். சுங்குராமச் செட்டி என்ற துபாஷின் தோட்டமாக இருந்த நிலம் அது. நூற்போர், நெய்வோர், துணிக்குச் சாயமிட்டு ஓவியம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோர் அங்கே வரவழைக்கப்பட்டனர். சின்னத் தறிப்பேட்டை என வழங்கி, இன்று சிந்தாதிரிப்பேட்டை என்று நாம் அறியும் பகுதி அதுவே.

இந்த ஏற்பாடு கருணையால் பிறந்ததன்று. கப்பலேற்ற வேண்டிய துணி, கம்பெனியின் கைக்கெட்டும் தொலைவில் நெய்யப்பட வேண்டும். அதற்கு நெய்பவன் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் திருவொற்றியூர்ப் பக்கத்தில் ஆளுநர் காலட்டின் பெயரால் உருவான காலடிப்பேட்டையும் இத்தகைய நெசவாளர் குடியிருப்பே.

நோக்கம் எதுவாயினும் விளைவு ஒன்று. அங்கே வீடும் வேலையிடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. நெசவாளன் கண்விழித்து நான்கடி நடந்தால் தறி. துணியை வெளுக்க ஆறு பக்கத்திலேயே. இன்றைய மொழியில் சொன்னால், பயணத்தால் விளையும் உமிழ்வு சுழியம். அந்தச் சுழியத்தை எண்ணிப் பெருமூச்செறிவதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலைக்கு அருகில் வாழ்வது என்பதன் மறுபெயர், வேலை கொடுப்பவனுக்கு அருகில் வாழ்வது. இந்த இழை இக்கதையில் மீண்டும் வரும்.

சங்கொலி கேட்கும் தொலைவு

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தறி வீட்டைவிட்டு வெளியேறியது. 1870களிலும் 1880களிலும் பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் எழுந்தன. 1920இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. அதற்கு முன்பே, 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் இரயில் புறப்பட்ட காலத்தையொட்டி, இரயில்வேப் பணிமனைகளும் பெரம்பூரில் காலூன்றியிருந்தன.

இவற்றில் வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் புளியந்தோப்பு, பட்டாளம், ஓட்டேரி, வியாசர்பாடி என ஆலையைச் சுற்றியே குடியேறினர். வேறு வழியில்லை. 1895ஆம் ஆண்டு மே மாதத்திலேயே மின்சார டிராம் சென்னைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் முதன்முதலாக மின்சார டிராம் ஓடிய நகரம் இதுவே. ஆனாலும் நாள்தோறும் டிராமுக்குக் கட்டணம் கொடுப்பது ஆலைத் தொழிலாளியின் கூலிக்கு எளிதாக இருந்திருக்காது. ஆகவே, விடியலில் ஊதும் சங்கு எவ்வளவு தொலைவு கேட்குமோ அவ்வளவுதான் தொழிலாளர் குடியிருப்பின் எல்லை. நடந்து சென்றவன் எரித்தது, முந்தைய இரவு அவன் உண்ட சோற்றை மட்டுமே.

1918 ஏப்ரலில் இப்பகுதியில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார் ஆகியோரின் பெயர்கள் அதனோடு பிணைந்தவை. மதிய உணவுக்கான இடைவேளை போதவில்லை என்பது சங்கம் முதன்முதலாகக் கையிலெடுத்த குறைகளுள் ஒன்று. ஆலையின் நேரமே வீட்டின் நேரமாகவும் ஆகிவிட்ட வாழ்வு அது.

1921ஆம் ஆண்டின் நீண்ட வேலைநிறுத்தம் இந்நெருக்கத்தின் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. ஆலையில் எழுந்த பூசல் ஆலைக்குள் நிற்கவில்லை. வேலைநிறுத்தத்தில் நின்றவர்களுக்கும் வேலைக்குச் சென்ற ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் இடையே அது சாதிப் பகையாக வெடித்து, புளியந்தோப்பின் குடிசைகளை எரித்தது. வேலையிடமும் குடியிருப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இடத்தில், ஒன்றில் பற்றிய தீ மற்றொன்றுக்குப் பரவ நெடுநேரம் ஆகவில்லை.

தண்டவாளம் போட்ட கணக்கு

ஆலைத் தொழிலாளி நடந்துகொண்டிருந்த அதே நகரத்தில் இன்னொரு வகை உழைப்பாளி பெருகிவந்தான். அவன் குமாஸ்தா. அவனுடைய வேலையிடங்கள் எங்கே இருந்தன என்று பார்ப்பது இன்றும் பாடமாக அமையும். தலைமைச் செயலகம் கோட்டைக்குள். உயர்நீதிமன்றம் அதன் வடக்கே. தலைமை அஞ்சலகம், துறைமுகம், வங்கிகள், வணிக நிறுவனங்கள் எல்லாம் கடற்கரையை ஒட்டிய ஒரே சாலையிலும் அதன் பின்னிருந்த ஜார்ஜ் டவுனிலும். மாநகராட்சியின் ரிப்பன் மாளிகையும் இரயில்வேத் தலைமையகமும் சென்ட்ரலுக்கு அருகில். மத்திய வர்க்கத்தின் வேலைகளில் பெரும்பங்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குள் அடங்கிவிட்டது.

1931 ஏப்ரலில் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையிலான மின்சார இரயில் தொடங்கிவைக்கப்பட்டது. மே மாதம் முதல் பொதுமக்கள் அதில் பயணம் செய்தனர். கடற்கரை, கோட்டை, பூங்கா, எழும்பூர் என்று அதன் முதல் நான்கு நிலையங்களைச் சொல்லிப் பாருங்கள். நகரின் வேலையிடப் பட்டியலையே சொன்னதாகும். மறுமுனையில் மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம், தாம்பரம் என வீடுகளின் பட்டியல். 1920களில் ஏரியைத் தூர்த்து உருவான தியாகராய நகர், மாம்பலம் நிலையத்தை வாயிலாகக் கொண்டு வளர்ந்தது.

தாம்பரத்திலிருந்து கடற்கரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். நடக்க இயலாத, சைக்கிளிலும் நாள்தோறும் கடக்க முடியாத தொலைவு. ஆனாலும் அத்தொலைவிலிருந்து அலுவலகம் வந்தவனுக்கென்று தனியாக எரிந்த எரிபொருள் மிகக் குறைவு. ஒரே வண்டித்தொடர் ஆயிரக்கணக்கானோரைச் சுமந்ததே காரணம். அந்த வண்டித்தொடர் நிரம்பியதற்கும் ஒரு காரணம் உண்டு. அவர்கள் எல்லோரும் ஒரே திசையில், இறங்கி நடக்கக்கூடிய தூரத்திலிருந்த அலுவலகங்களுக்குச் சென்றார்கள். வேலையிடங்கள் சிதறியிருந்தால் தண்டவாளத்தால் பயன் விளைந்திராது. தொலைவு தானாகக் குற்றவாளி ஆவதில்லை என்பதை 1931 நமக்குச் சொல்கிறது. வேலையிடம் தண்டவாளத்தின் முனையில் இருக்கிறதா என்பதே கேள்வி.

மின்சார இரயிலும் புகையற்றதன்று. அதன் புகை நம் கண்ணில் படாத இடத்தில் எழுகிறது. பிற்காலத்தில் எண்ணூரிலும் வடசென்னையிலும் அனல்மின் நிலையங்கள் அமைந்தபோது, நகரின் மற்ற பகுதிகளில் விளக்கெரியவும் வண்டி ஓடவும் அங்கிருந்த மீனவர்கள் சாம்பலைச் சுமந்தார்கள். ஆனாலும் தலைக்கு இவ்வளவு எனப் பகிர்ந்து பார்க்கையில், இரயில் பயணியின் பங்கு காரில் தனியே செல்பவனின் பங்கில் சிறு பகுதியே.

எழுதப்பட்ட திட்டம், எழுதப்படாத நகரம்

விடுதலைக்குப் பின் வந்த முதல் இரு பத்தாண்டுகள் இந்தக் கணக்கை ஏறக்குறைய அப்படியே தொடர்ந்தன. 1955இல் தொடங்கிய பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை, தன் ஊழியர்களுக்கான குடியிருப்பையும் உடன் கொண்டு பிறந்தது. 1958இல் கிண்டித் தொழிற்பேட்டை. அருகிலேயே இரயில் நிலையம். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை. அதன் ஓரத்தில் பட்டரவாக்கம் நிலையம். ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையைச் சுற்றியும் ஊழியர் குடியிருப்பு. நகரத்தை விட்டுத் தொழில் வெளியேறியபோதும் அது தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டே வெளியேறியது. சுற்றுச்சூழல் குறித்த கவலையால் அல்ல. தொழிலாளி வந்து சேர வேறு வழி இல்லாததால்.

1970களின் நடுவில் உருவான சென்னையின் முதல் பெருந்திட்டமும் இந்தத் திசையிலேயே சிந்தித்தது. நகரின் நெரிசலைக் குறைக்கத் துணைநகரங்கள் வேண்டும். அவற்றில் வேலையும் வீடும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்றது. அவ்வகையில் 1980இல் செங்கல்பட்டு இரயில் பாதையை ஒட்டி மறைமலை நகர் உருவாயிற்று. தொழிற்சாலைகள் வந்தன. மக்கள் எதிர்பார்த்த அளவில் வந்து குடியேறவில்லை. பள்ளி, மருத்துவமனை, மனைவிக்கோ கணவனுக்கோ இன்னொரு வேலை, உறவினர் ஆகிய எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேலையிடத்தை மட்டும் நம்பி ஒரு குடும்பம் இடம்பெயர்வதில்லை. அருகில் வீடு கட்டிக் கொடுத்தால் போதும் என்ற எளிய நம்பிக்கைக்கு மறைமலை நகரின் தொடக்க ஆண்டுகள் ஒரு எச்சரிக்கை.

இதற்கிடையே டிராம் 1953 ஏப்ரலிலேயே நின்றுபோயிருந்தது. 1970ஆம் ஆண்டுவாக்கில் நகரில் நிகழ்ந்த பயணங்களில் பாதிக்குச் சற்றுக் கூடுதலானவை பேருந்திலும் இரயிலிலும் நடந்தன. மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும் அன்று மிகச் சிறுபான்மை. 2008வாக்கில் பேருந்து, இரயில் இரண்டும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டன. இருசக்கர வாகனங்கள் மட்டுமே ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டன. வருமானம் உயர்ந்தது, வண்டிக்குத் தவணைக் கடன் கிடைத்தது என்று இதற்குப் பல காரணங்கள் சொல்லலாம். ஆனால் வேலையிடங்கள் நகர்ந்த திசையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

தெற்கே போன சாலை

2000ஆம் ஆண்டு ஜூலையில் தரமணியில் டைடல் பார்க் திறக்கப்பட்டது. பறக்கும் இரயில் என்று நாம் அழைக்கும் உயர்பாதை அப்போது மயிலாப்பூருடன் நின்றிருந்தது. அது டைடல் பார்க்கின் அருகிலுள்ள திருவான்மியூருக்கு வந்தது 2004இல். வேளச்சேரிக்குச் சென்றது 2007இல். நான்கு ஆண்டுத் தாமதம் பெரிதல்ல என்று தோன்றலாம். ஆனால் ஒருவன் முதல் சம்பளத்தில் வண்டி வாங்கவும், அந்த வண்டிக்கேற்ப வீடு பார்க்கவும், அந்த வீட்டுக்கேற்பக் குழந்தையைப் பள்ளியில் சேர்க்கவும் நான்கு ஆண்டுகள் தாராளமாகப் போதும். அதன்பின் இரயில் வந்தாலும் அவன் வாழ்க்கை அமைந்துவிட்டது.

டைடல் பார்க்காவது தண்டவாளத்தின் அருகே அமைந்தது. அதற்குத் தெற்கே பழைய மாமல்லபுரம் சாலையின் நெடுகிலும் எழுந்தவற்றுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று வளாகங்கள் வரிசையாக வந்தன. நிலம் பெரும்பரப்பில் கிடைத்தது, விலை குறைவு, தகவல் தொழில்நுட்பப் பூங்காக்களுக்கும் சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கும் அரசுச் சலுகைகள் இருந்தன. முதலீட்டாளரின் பேரேட்டில் இவை யாவும் இலாபமாகப் பதிவாயின. ஊழியர் வந்து சேரும் செலவு அந்தப் பேரேட்டில் இல்லை. அது ஆயிரக்கணக்கானோரின் மாதச் செலவுக் கணக்குகளில் சிதறிக் கிடந்தது. 2008இல் மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை இருபது கிலோமீட்டர் நீளத்துக்கு ஆறுவழிச் சாலை திறக்கப்பட்டு இராஜீவ் காந்தி சாலை எனப் பெயர் பெற்றது. அதன் வழியாகச் செல்லவிருக்கும் மெட்ரோ இரயிலின் இரண்டாம் கட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது 2020 நவம்பரில். சாலைக்கும் தண்டவாளத்தின் அடிக்கல்லுக்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிவருகிறது. முக்கால் கிலோ எடையுள்ள திரவத்திலிருந்து அதைப்போல் மும்மடங்கு எடையுள்ள வாயு எப்படி வரும் என்று வியக்க வேண்டாம். எரியும்போது காற்றிலுள்ள ஆக்சிஜன் வந்து சேர்ந்துகொள்கிறது. வீட்டிலிருந்து 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள வளாகத்துக்கு ஆண்டில் 240 நாள் சென்று திரும்பும் ஒருவர் 12,000 கிலோமீட்டர் பயணம் செய்கிறார். லிட்டருக்குப் 15 கிலோமீட்டர் ஓடும் காரில் தனியே சென்றால் 800 லிட்டர் பெட்ரோல், அதாவது 1.8 டன்னுக்குச் சற்றுக் கூடுதலான கரியமில வாயு. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் ஸ்கூட்டரில் சென்றால் 600 கிலோவைச் சற்றுத் தாண்டும். ஐம்பது பேர் அமர்ந்து செல்லும் டீசல் பேருந்து லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், தலைக்கு ஏறத்தாழ 160 கிலோ.

இந்தியர் ஒருவரின் ஓராண்டுச் சராசரி உமிழ்வு ஏறத்தாழ 2 டன். சமையல், மின்சாரம், உருக்காலை, சிமெண்டு எல்லாவற்றையும் மக்கள்தொகையால் வகுத்துப் பெற்ற எண் அது. சிறுசேரிக்குக் காரில் தனியே செல்லும் ஊழியர், மற்ற எதையும் கணக்கில் கொள்ளாமல், அலுவலகம் போய்வருவதில் மட்டுமே அதற்கு நெருங்கிய அளவை வெளியிடுகிறார்.

தாம்பரத்தில் வாழும் அவருடைய தாத்தா 1935இல் கடற்கரைக்குப் போய்வந்த குமாஸ்தாவாக இருந்தார் என்று வைத்துக்கொள்வோம். தாத்தா நாள்தோறும் கடந்த தொலைவு பேரன் கடப்பதைவிடக் குறைவன்று. சற்றுக் கூடுதலாகவே இருக்கும். வேறுபாடு மனிதர்களின் குணத்தில் இல்லை. தாத்தாவின் அலுவலகம் நிலையத்தின் வாயிலில் இருந்தது. பேரனின் அலுவலகம் அங்கே இல்லை.

எதிர்த்திசையில் போனவர்கள்

அதே சாலையில் இன்னொரு பயணமும் நிகழ்ந்துகொண்டிருந்தது. 2000ஆம் ஆண்டு தொடங்கி, நகரின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் துரைப்பாக்கம் கண்ணகி நகரில் குடியமர்த்தப்பட்டனர். அங்கே பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட குடியிருப்புகள் கட்டப்பட்டன. பின்னர் செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பிறகு கூவக் கரையிலிருந்தும் அடையாற்றங்கரையிலிருந்தும் பெருந்தொகையானோர் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டனர்.

இவர்களுடைய வேலையிடங்கள் இவர்களோடு வரவில்லை. வீட்டு வேலை செய்த பெண்களின் வேலையிடம் மயிலாப்பூரிலும் நுங்கம்பாக்கத்திலும் இருந்த பிறர் வீடுகள். சுமை தூக்கியவர்களின் வேலையிடம் சந்தைகள். முன்பு நடந்தே போன இடத்துக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் பயணம் தேவைப்பட்டது. நெசவாளரை அழைத்துவந்து கூவத்தின் வளைவில் தறியோடு குடியமர்த்திய அதே நகரம், இரு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்த பின், உழைப்பாளர்களை அதே ஆற்றின் கரையிலிருந்து எடுத்து அவர்களுடைய வேலைக்கு வெகுதொலைவில் இறக்கிவைத்தது.

கரியமில வாயுக் கணக்கின் குறை இங்கேதான் தெரிகிறது. பேருந்தில் நின்றபடி இரண்டு மணி நேரம் பயணம் செய்யும் பெண்ணின் உமிழ்வு மிகக் குறைவு. பயணம் தாளாமல் அவர் வேலையையே விட்டுவிட்டாலோ அவ்வுமிழ்வு சுழியமாகிறது. ஏட்டில் அது முன்னேற்றம். வீட்டில் அது அடுப்பெரியாத நிலை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் அளிக்கப்பட்டது இவர்களுக்குப் பெரும் துணை. பணச் செலவை அது போக்கியது. நேரச் செலவை எந்த ஆணையாலும் போக்க முடியவில்லை. ஆகவே, வேலையிடத்தின் அமைவைப் புகையால் மட்டும் அளப்பது போதாது. யாருடைய புகை, யாருடைய நேரம் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

ஒரு தேசம் செய்து பார்த்தது

இத்தகைய முடிவுகளை நிறுவனங்களின் விருப்பத்துக்கும் நிலவிலைக்கும் விட்டுவிடாமல், அரசே ஒரு விதியாக வகுக்க முடியாதா? முடியும் என்று ஒரு நாடு முயன்று பார்த்திருக்கிறது. 1980களின் இறுதியில் நெதர்லாந்து அரசு தன் நிலப்பரப்பிலுள்ள வேலையிடங்களை மூன்று வகையாகப் பிரித்தது. பெரிய இரயில் நிலையங்களை ஒட்டியவை ஏ. இரயிலும் சாலையும் ஓரளவு எட்டுபவை பி. நெடுஞ்சாலையோரம் இருப்பவை சி. தொழில்களையும் அதேபோல் வகைப்படுத்தினர். ஊழியரும் வருகையாளரும் மிகுந்த அலுவலகங்கள் ஏ இடங்களுக்குச் செல்ல வேண்டும். சரக்கு லாரிகளை நம்பிய தொழில்கள் சி இடங்களுக்குச் செல்லலாம். சரியான தொழில் சரியான இடத்தில் என்பதே கொள்கை. மக்கள் நெருக்கம் மிகுந்த மேற்குப் பகுதியின் ஏ இடங்களில் நூறு ஊழியருக்குப் பத்துக் கார்கள் நிறுத்துமளவுக்கே இடம் அனுமதிக்கப்பட்டது.

கொள்கையை வகுத்த வீட்டுவசதி, சுற்றுச்சூழல் அமைச்சகமே 1990களின் தொடக்கத்தில் தி ஹேக் நகரின் மத்திய இரயில் நிலையத்துக்கு அருகிலிருந்த புதுக் கட்டடத்துக்கு மாறியது. முன்பு அதன் ஊழியர்களில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் காரில் வந்தனர். இடம் மாறிய பின் ஐந்து பேருக்கும் குறைவானோரே காரில் வந்தனர். அதே ஊழியர்கள், அதே வேலை. யாருக்கும் அறவுரை சொல்லப்படவில்லை. கட்டடம் நகர்ந்தது, நிறுத்துமிடம் குறைந்தது.

ஆனால் இக்கொள்கை நிலைக்கவில்லை. நிறுவனங்கள் நெடுஞ்சாலையோரத்தையே விரும்பின. கண்டிப்பாக இருந்தால் நிறுவனம் பக்கத்து ஊருக்குப் போய்விடும் என்று ஒவ்வொரு நகராட்சியும் அஞ்சி விதியைத் தளர்த்தியது. இறுதியில் 2000களில் கொள்கை கைவிடப்பட்டது. நம் நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் சலுகைகளை அள்ளி வைத்து முதலீட்டை அழைக்கும் போட்டியை அறிந்தவர்களுக்கு இம்முடிவு வியப்பளிக்காது. இடத்தைச் சரியாகத் தேர்ந்தால் பயன் உண்டு என்பதையும், தேர்வைக் கட்டாயமாக்குவது எளிதன்று என்பதையும் நெதர்லாந்து ஒருங்கே காட்டிச் சென்றது.

மீண்டும் ஒரே கூரை

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது பழைய மாமல்லபுரம் சாலையின் அலுவலகங்கள் ஒரே வாரத்தில் வீடுகளுக்குள் புகுந்தன. தறி மீண்டும் வீட்டுக்கு வந்தது என்று சொல்லத் தோன்றும். இதனால் உமிழ்வு முழுவதும் மிச்சமானதா என்றால், அப்படியன்று. பன்னாட்டு எரிசக்தி முகமை அவ்வாண்டு செய்த ஆய்வில், காரில் நெடுந்தொலைவு செல்பவர் வீட்டிலிருந்தே பணியாற்றினால் உமிழ்வு குறையும் என்றும், ஒருவழித் தொலைவு ஆறு கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்தாலோ பொதுப் போக்குவரத்தில் செல்பவராக இருந்தாலோ வீட்டில் கூடும் மின்செலவால் உமிழ்வு அதிகரிக்கவும் கூடும் என்றும் கண்டது. பொது அலுவலகத்தில் நூறு பேருக்கு ஓடும் குளிர்சாதனம் நூறு அறைகளில் தனித்தனியே ஓடினால் கணக்கு மாறிவிடும். தவிரவும், வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை சிலருக்கே வாய்த்தது. பாத்திரம் தேய்ப்பதையும் பெட்டி தூக்குவதையும் இணையத்தின் வழியே செய்ய முடியாது.

கைப்பேசியைப் பொருத்தும் வேலையும் அத்தகையதே. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார்த் தொழிற்சாலை தொடங்கிய காலம் முதல், திருப்பெரும்புதூர் வட்டாரத்துக்கு நிறுவனப் பேருந்துகள் இரவும் பகலும் ஆட்களை ஏற்றிவருகின்றன. காஞ்சிபுரம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து இளம்பெண்கள் மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வந்தார்கள். தொலைவிலிருந்து வந்தவர்கள் வாடகை விடுதிகளில் நெருக்கியடித்துத் தங்கினார்கள். 2024 ஆகஸ்டில் திருப்பெரும்புதூர் அருகே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி வளாகத்தைத் தமிழக அரசு திறந்தது.

உமிழ்வின் கண்கொண்டு பார்த்தால் இது சிறந்த ஏற்பாடு. பயணம் சில நிமிடங்களாகச் சுருங்குகிறது. பாதுகாப்பும் தூய்மையும் கூடுகின்றன. இதைக் குறைத்துப் பேச இடமில்லை. ஆயினும் 1734ஐ நினைவில் கொண்டவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் போகாது. விடுதி என்பது வீடு அன்று. அங்கே கணவனும் குழந்தையும் பெற்றோரும் இல்லை. திருமணமானதும் ஒரு பெண் அங்கிருந்து எங்கே போவாள்? வேலையை விடுவாளா, அல்லது வெகுதொலைவிலிருந்து மறுபடியும் பேருந்தேறுவாளா? வேலைக்கு அருகில் ஒரு படுக்கை கிடைப்பதற்கும் வேலைக்கு அருகில் ஒரு வாழ்க்கை கிடைப்பதற்கும் உள்ள இடைவெளியை மறைமலை நகரும் கண்ணகி நகரும் தத்தம் வழியில் நமக்கு முன்னரே சொல்லியிருக்கின்றன.

ஒரு கட்டடத்துக்கு அனுமதி கோரும்போது அதன் உயரம், தீயணைப்பு வசதி, மழைநீர்ச் சேகரிப்பு எல்லாவற்றையும் கேட்கிறோம். எத்தனை கார்கள் நிறுத்த இடமுண்டு என்றும் கேட்கிறோம். அதுவும் குறைந்தபட்சம் இத்தனை வேண்டும் என்ற விதியாக. இங்கே வேலை செய்யப் போகிறவர்கள் எங்கே வாழ்கிறார்கள், எதில் வருவார்கள், வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்பவையும் அந்த விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் இடம்பெற வேண்டிய கேள்விகள். 1931இல் அவை தாமாகவே விடை பெற்றிருந்தன, ஏனெனில் காருக்கு வழியில்லாத காலம் அது. இன்று அவற்றை யாரேனும் கேட்டாக வேண்டும். கேட்கப்படாத இடங்களில், கட்டடம் நிற்கும் காலம் வரைக்கும், ஒவ்வொரு நாளும் பெட்ரோலும் மனிதரின் நேரமும்தான் விடையாகச் செலவாகிக்கொண்டிருக்கும்.